தாங்குற சூடு

எனக்கு நன்றி சொல்லிவிட்டார்கள். அதனால்தான் நடந்துகொண்டிருந்தேன்.

தருமபுரியில் பெரிய ஆஸ்பத்திரியின் கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையாமல், சேலம் ரோட்டைப் பிடித்தேன். மதியம் மூன்று மணி வெயில். பாலக்கோட்டுக்குப் போவதென்றால் வேறு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அங்கே தக்காளி மண்டிக் கொட்டகையில் என் பையும் ஒரு போர்வையும் இரண்டு சட்டையும் கிடந்தன. கிடக்கட்டும் என்று விட்டேன். பை இல்லாமல் ஓர் ஊரை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபோதும் பையை பெஞ்சிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

பேண்ட் பாக்கெட்டில் ஒரு கனம் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. பழைய சேலைத் துணியில் முடிந்த கல்லுப்பு, ஒரு கைப்பிடி. யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஒன்பது நாளைக்கு முன்னால் நானே எடுத்துப் போட்டுக்கொண்டது.

அந்த அக்காவுக்கு எதையும் தொட்டால்தான் தெரியும். மண்டியில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பாள். முன்னால் தக்காளி வந்து குவியும். ஒன்றை எடுத்துக் காம்பு ஓரத்தில் கட்டை விரலால் ஒரு அமுக்கு. அவ்வளவுதான். "இது மெட்ராஸ் வரைக்கும் தாங்கும். இது திருச்சி தாங்கும். இது சேலத்தோட சரி." ஏலம் எடுத்தவர்கள் அந்தச் சொல்லை நம்பி லாரி ஏற்றினார்கள். மண்டிக்காரரே மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "அக்கா என்னா சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் விலையைத் தொடங்குவார்.

மாரண்டஹள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர், "நேத்து சாயங்காலம் பறிச்சதுங்க" என்றால், "முந்தா நேத்து" என்பாள், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"பொண்ணு பாக்க வந்தவனாட்டம் அமுக்கிப் பாக்கறயே அக்கா, காயி பயந்துடப் போவுது" என்பார் அவர்.

"பொண்ணு பாக்கறது ஒருநாள் கூத்துங்க. நான் பாத்தா வண்டி ஊரு போயி சேரணும்."

டீ கிளாஸை வாங்கினால் வெளிப்பக்கத்தைப் புறங்கையில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் உதட்டுக்குக் கொண்டுபோவாள். சீட்டில் எழுதிய எடையை நம்பமாட்டாள், பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பாள். யாராவது அழுதால் என்ன ஏது என்று கேட்கமாட்டாள். முதுகில் கை வைப்பாள். வைத்துவிட்டு, "சாப்புடல நீ" என்பாள். அது சரியாகத்தான் இருக்கும்.

என்னையும் அப்படித்தான் பார்த்தாள். போர்வெல் ரிக்கு வண்டியில் ஆந்திரா, சத்தீஸ்கர் என்று இரண்டு வருஷம் சுற்றிவிட்டு, மேனேஜரோடு அடிதடியாகி, கிடைத்த பஸ்ஸில் ஏறி, விடிகாலையில் அது பாலக்கோட்டில் நின்றபோது இறங்கிவிட்டேன். மண்டியில் விளக்கு எரிந்தது. வேலை இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ரிக்கு வண்டியா?"

"எப்பிடிங்க தெரியும்?"

"உள்ளங்கை ஆமை ஓடாட்டம் இருக்குது. இதுல கொசு கடிச்சா கொசுவுக்குத்தான்டா வலிக்கும்."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. புறங்கையை என் கழுத்தில் வைத்தாள். "காச்சல். ரெண்டு நாளைக்கு இவனைப் பெட்டி தூக்க விடாதீங்க." எனக்குக் காய்ச்சல் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. காலிப் பெட்டிகளுக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். அப்படித்தான் அந்த ஊரில் தங்கினேன்.

தன் மார்பில் இருந்த கட்டியையும் அவளேதான் கண்டுபிடித்தாள். பத்தாயிரம் பழத்தை அமுக்குகிற விரலுக்கு அது தெரியாமல் போகுமா? ஒருநாள் மத்தியானம், கூட வேலை பார்த்த ரத்னம்மாவிடம், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "உள்ள ஒரு செங்காய் இருக்குதுடி. பழுக்காத காயி. நாளைக்கு லீவு போடறேன்." ரத்னம்மா வீட்டில் கன்னடம் பேசுகிற பெண். "தேவரே" என்று வாயில் கை வைத்தது. அக்கா மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.

அதற்குள் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு லாரியில் கிளீனராக ஏறிப் போய்விட்டேன். திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆனது.

வந்தபோது அக்கா அதே பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். முடி ஆண்பிள்ளை மாதிரி குட்டையாக, சுருண்டு முளைத்திருந்தது. பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில், பாலித்தீன் பையில் சுற்றிய தடித்த ஃபைல் ஒன்று இருந்தது. "ஆஸ்பத்திரிப் பேப்பருடா. எப்பவும் கையிலயே வெச்சிருக்கச் சொன்னாங்க. கையில வெச்சிக்கினா வேலை எப்பிடிப் பாக்கறது? பெட்டிச் சட்டம் குத்தாம இருக்குது" என்றாள்.

மகன் ஓசூரில் கம்பெனி வேலை. அங்கே கொடுத்த இன்சூரன்ஸில் அம்மாவுக்கும் உண்டு. பெங்களூரில் ஆபரேஷன். ஒரு பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே புதிதாக ஒன்று வைத்து அனுப்பியிருந்தார்கள். அவள் இதை ஒளிக்கவில்லை. பொரி தின்றுகொண்டே எல்லோருக்கும் சொன்னாள்.

"மொதல்ல ஒரு காலிப் பையை உள்ள வெச்சுத் தெச்சாங்க. வாராவாரம் ஊசியில உப்புத்தண்ணி ஏத்துனாங்க, டயருக்குக் காத்து அடிக்கறாப்புல. தோலு கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு குடுத்துது. நடுவுல மருந்து ஏத்துனாங்க, ரேடியேசன்னு கரண்டு வெச்சாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் அந்தப் பையை எடுத்துட்டு இதை வெச்சாங்க. சிலிக்கானாம்."

"அப்ப எது அக்கா ஒரிஜினலு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒன்னு நாட்டுத் தக்காளி, ஒன்னு பெங்களூர் தக்காளிடி. பெங்களூர் தக்காளி பாக்க நல்லா இருக்கும், கெடாது. ருசி மட்டும் இருக்காது."

மண்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபோது, மெதுவாக, எனக்கும் ரத்னம்மாவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அங்க எனக்கு ஒன்னுமே தெரியாது. எறும்பு ஊர்ந்தாக்கூடத் தெரியாது. என் வூட்ல யாரோ குடியிருக்கறாப்புல இருக்குது. ஆனா இருந்துட்டுப் போவட்டும். ஒருதடவ அறுத்துக் குடுத்தாச்சு. இனிமே ஒன்னும் குடுக்க மாட்டேன்."

நான் இதைக் கேட்டேன். எறும்பு என்று அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கொஞ்ச நாளில் வேறொன்றைக் கவனித்தேன். பழத்தை அமுக்குவதற்கு முன்னால் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் மட்டும். வியர்வையைத் துடைக்கிறவள் மாதிரி பழத்தோடு கையைத் தூக்குவாள். கன்னத்தில் ஒரு உருட்டு. பிறகு தரம் சொல்வாள்.

"என்னக்கா இது?"

சுற்றிப் பார்த்தாள். "விரலு மரத்துப் போச்சுடா. மருந்து ஏத்துனதுலேர்ந்து பஞ்சு சுத்துனாப்புல இருக்குது. சரியாயிடும்னு சொன்னாங்க. இன்னும் ஆவல." குரலை இன்னும் தாழ்த்தினாள். "மண்டிக்காரருக்குத் தெரிஞ்சா பாவம்னு சொல்லி வேற எடத்துல ஒக்கார வெச்சிடுவாரு. நீ வாயத் திறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக அவளுக்கு விரலாக ஆனேன். பெட்டியை இறக்கும்போது இரண்டு பழத்தை நான் அமுக்கிப் பார்த்து, "காம்புகிட்ட கல்லு, அடியில மெத்து" என்று சொல்லிவிட்டுப் போவேன். அதை வைத்து அவள் ஊர் முடிவு பண்ணுவாள். பழம் தப்பாகப் போனதாக ஒரு லாரிக்காரனும் திரும்பி வரவில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் நான் எந்த ஊரிலும் இருந்ததில்லை. அங்கே எட்டு மாதம் இருந்தேன்.

அது தக்காளி கொட்டோ கொட்டென்று கொட்டிய சமயம். ஒரு காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஜாக்கெட் ஒரு பக்கம் இறுக்குதுடா. நீர் கோத்திருக்குது போல. லேசா செவந்திருக்குதுன்னு ரத்னா சொல்லுது" என்றாள்.

"பெங்களூருக்குப் போன் பண்ணுங்கக்கா."

"பண்ணா உடனே வான்னுவாங்க. போனா எடுத்துடலாம்னுவாங்க. கிருமி பூந்துடுச்சுன்னா எடுத்துத்தான் ஆவணும்னு அன்னிக்கே சொல்லியிருக்கறாங்க. இந்த லோடெல்லாம் ஓயட்டும். திங்கக்கெழம போறேன்."

மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மருந்து ஒன்றுதான். உப்பு ஒத்தடம். ஏலம் முடிந்த பிறகு கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு எரியும், அதன் மேல் கல்லுப்பு போட்ட இரும்புச் சட்டி இருக்கும். இடுப்பு, முழங்கால், தோள்பட்டை, யாருக்கு எங்கே வீங்கினாலும் அந்த உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு அளவு ஒன்றும் கிடையாது. தாங்குகிற சூட்டில் வைக்க வேண்டும். தாங்காவிட்டால் தோலே சொல்லிவிடும், கை தானாக மூட்டையை எடுத்துவிடும். யாருக்கும் அதில் ஒன்றும் ஆனதில்லை.

நீர் கோத்ததற்கும் அதுதான் என்று மூன்று பேரும் நினைத்தோம். யார் முதலில் சொன்னது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நானாக இருக்கலாம்.

பெட்டி அடுக்குக்குப் பின்னால் அக்காவும் ரத்னம்மாவும். இந்தப் பக்கம் அடுப்பும் நானும். பெட்டிகளுக்கு நடுவில் ஒரு சந்து வழியாக மூட்டையைக் கொடுத்தேன்.

"சூடே இல்லடா. இன்னுங் கொஞ்சம் காச்சு."

காய்ச்சினேன். கொடுத்தேன்.

"என்னாடா, பச்சத் தண்ணியாட்டம் இருக்குது? அடுப்பு எரியுதா இல்லியா?"

ரத்னம்மா முடிச்சைச் சேலைத் தலைப்பால் பிடித்திருந்ததால் அதற்கும் சூடு தெரியவில்லை. மூன்றாவது முறை உப்பு சட்டியில் படபடவென்று வெடிக்கிற வரைக்கும் வைத்தேன். முடிந்துவிட்டு, கொடுக்கத் தயங்கினேன்.

"நீ தொட்டுப் பாருடா. உனக்குத் தெரியுமில்ல? தாங்குதா?"

உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். இதமாகத்தான் இருந்தது.

"தாங்குதுக்கா" என்றேன்.

மூட்டையைச் சந்து வழியாகக் கொடுத்தேன். அக்கா ரத்னம்மாவிடம் யாரோ ஒருத்தியின் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பீடி பற்றவைத்தேன். பாதி பீடியில் ரத்னம்மா அலறியது.

"அய்யோ தேவரே! சுட்டோகிதே! சுட்டோகிதே அக்கா!"

பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மூட்டை தரையில் கிடந்தது. ரத்னம்மா சேலையை இழுத்துப் போர்த்துவதற்குள், உள்ளங்கை அளவு இடத்தைப் பார்த்துவிட்டேன். வெந்த கிழங்கின் தோல் மாதிரி வெளுத்து, ஓரத்தில் சுருண்டு இருந்தது. ஆனால் இன்றைக்கும் என் கண்ணில் நிற்பது அது இல்லை. அக்காவின் முகம். அதில் ஒன்றுமே இல்லை. வெந்துபோன ஒரு மனுஷி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறவள் மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி கத்தற? பாம்பு கீம்பு வந்துடுச்சா?"

அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைச் சேலைக்குள் விட்டு, கட்டை விரலால் அந்த இடத்தைத் தொட்டாள். தொட்டுக்கொண்டே இருந்தாள். விரலுக்கும் தெரியவில்லை, தோலுக்கும் தெரியவில்லை. கடைசியில் குனிந்து கண்ணால் பார்த்தாள்.

எந்தப் பழத்தையும் கண்ணால் பார்த்துத் தரம் சொல்லாத அக்கா, அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"வலிக்கவே இல்லியேடா" என்றாள் என்னிடம். நான்தான் ஏதோ விளக்கம் சொல்ல வேண்டும் என்பது மாதிரி.

ரத்னம்மா அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போனது. நான் தரையில் கிடந்த மூட்டையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். தொடையில் பட்டபோது சுரீர் என்றது. அப்போதுதான் அது எவ்வளவு சூடு என்று தெரிந்தது. தொடைத் தோல் ரிக்கு வண்டியில் வேலை பார்க்கவில்லை.

மறுநாளே அக்கா வந்துவிட்டாள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவி மேலே துணி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானும் ரத்னம்மாவும் மாற்றி மாற்றிச் சொன்னோம். "வலிச்சா போறேன்" என்றாள். திங்கட்கிழமை வந்தது, போனது. "வலிச்சா போறேன்னு சொல்றேனில்ல?" மகனுக்குச் சொல்லக்கூடாது என்று ரத்னம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான்காம் நாள் அந்த இடம் கறுத்துவிட்டது என்று ரத்னம்மா சொல்லி அழுதது. அக்கா சொன்னாள்: "கறுத்தா காயுதுன்னு அர்த்தம்டி."

ஒன்பதாம் நாள் காலையில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜாக்கெட் நனைந்தது. வெயிலில் உட்கார்ந்து அவள் பல் தந்தியடிக்க நடுங்கினாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "டேய், காச்சலான்னு பாரு."

அவள் நெற்றியில் உள்ளங்கையை வைக்கப் போனேன். வைக்கவில்லை. புறங்கையைத் திருப்பி வைத்தேன்.

"கொதிக்குதுக்கா."

"அப்ப போலாம்" என்றாள். எழுந்தவள், கீழே இருந்த ஃபைலை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

பெங்களூர் வரைக்கும் தாங்கமாட்டாள் என்று ஆட்டோவைத் தருமபுரிக்கு விடச் சொன்னோம். அவசரப் பிரிவில் நர்ஸ் துணியைப் பிரித்தபோது நான் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிக்கொள்ள இடமில்லை. கறுத்த தோல் ஓரமாக விலகியிருந்தது. அந்த இடைவெளிக்குள் ஈரமாக, கண்ணாடி மாதிரி ஒன்று. மேலே எரிந்த டியூப்லைட் அதற்குள் தெரிந்தது. போர்வெல்லில் கை போனவனைப் பார்த்திருக்கிறேன், லாரிக்கு அடியில் இருந்து ஒருவனை இழுத்திருக்கிறேன். ஒரு மனுஷி உடம்புக்குள் டியூப்லைட்டைப் பார்த்ததில்லை. பாட்டிலைச் சாய்த்துவிட்டேன். "அண்ணா, நேரா பிடிங்க" என்றது அந்த நர்ஸ்.

டாக்டர் ஒரு பெண். ஃபைலைப் பிரித்துப் படித்தார். பாலித்தீன் கசங்கி, நடுவில் அக்கா உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"யாரு இதுல சூடு வெச்சது?"

ரத்னம்மா என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேனா என்று எனக்கே தெரியாது. அதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"நானேதான் வெச்சிக்கினேங்க. வூட்ல, தனியா."

"மொதப் பக்கத்துலயே எழுதியிருக்காங்களேம்மா. சூட்டு ஒத்தடம் கூடாது, ஐஸும் கூடாது, அந்த எடத்துல உணர்ச்சி இருக்காதுன்னு. கரண்டு வெச்ச தோல் வேற, எப்பிடித் தாங்கும்? யாரும் படிச்சுச் சொல்லலியா?"

"இங்கிலீசுங்க."

"செவந்த அன்னிக்கே வந்திருந்தா மருந்து குடுத்துக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப உள்ள இருக்கறது வெளிய தெரியுது. எடுத்தாகணும். வெச்சிருந்தா உயிருக்கே ஆபத்து."

"கழுவிட்டுத் திரும்ப வெக்க முடியாதாங்க?"

அந்தக் கேள்வியை அவள் கேட்ட குரல் அவளுடையது இல்லை. அழுகல் என்று தள்ளிவைத்த பழத்தை, இன்னொருமுறை பாருங்கள் என்று கெஞ்சுகிற சிறு விவசாயியின் குரல். அந்தக் குரலை மண்டியில் தினமும் கேட்டிருக்கிறேன். அவள் அதற்கு ஒருநாளும் இறங்கியதில்லை. டாக்டரும் இறங்கவில்லை. ஆனால் அவள் தோளில் கை வைத்தார்.

"ஒரு வருஷம் போகட்டும்மா. முதுகுல இருந்து சதையை எடுத்து வெக்கிற ஆபரேஷன் இருக்கு. அப்ப யோசிக்கலாம்."

"பாத்தியாடி ரத்னா, அடுத்து முதுகைக் கேக்கறாங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுவந்தார்கள். விலாவில் இருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்கியது. எடுத்தாச்சு, காய்ச்சல் இறங்குதா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். குனிந்தேன். புறங்கையை என் கழுத்தில் வைத்தாள், முதல் நாள் வைத்த மாதிரியே. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"ஒன்னும் தெரிய மாட்டேங்குதுடா" என்றாள். "சாப்டியா இல்லியா, நீயே சொல்லிடு."

"சாப்ட்டேங்கக்கா" என்று பொய் சொன்னேன்.

மகன் ஓசூரில் இருந்து கம்பெனி யூனிஃபாரத்தோடு ஓடிவந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்து, என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்க இல்லன்னா எங்கம்மா அங்கயே போயிருக்கும். ரொம்ப நன்றிண்ணா." பிடித்த கையை விடாமல் குனிந்து பார்த்தார். "போன்ல அம்மா எப்பவும் இந்தக் கையப் பத்தித்தான் சொல்லும். இப்ப எனக்கு அவன் கைதான்டா கைன்னு சொல்லும்."

ரத்னம்மா சுவரோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் கோபம் இல்லை. சொல்லிவிடு, சொல்லித் தொலை என்பது மாதிரி இருந்தது. நான் டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டினேன்.

ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரம். அங்கே பாக்கெட்டில் இருந்ததை எடுத்தேன். உப்பு ஈரம் கோத்து, துணி கையில் ஒட்டியது. முடிச்சு இறுகிப்போய்ப் பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. கொட்டினேன். மேய்ந்துகொண்டிருந்த நாலு ஆடுகள் ஓடிவந்து நக்க ஆரம்பித்தன. அவற்றை ஓட்டி வந்தவர், "புண்ணியமாப் போவுதுங்க" என்றார். அன்றைக்கு எனக்கு நன்றி சொன்ன இரண்டாவது ஆள். துணியை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பவும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். அதைப் பின்னால் ஒரு தக்காளி லாரி டிரைவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாளாம். இப்போதெல்லாம் பழத்தை ஒளிக்காமல், எல்லோரும் பார்க்கவே கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாளாம். மண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம். முதுகுச் சதை ஆபரேஷனுக்குப் போனாளா என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. காய்ச்சல் இறங்குமா இறங்காதா என்பதையே அடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டு நடந்தேன். பொழுது சாயும்போது நல்லம்பள்ளி தாண்டி ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் படுத்துக்கொள்ள விட்டார்கள். காலையில் டீக்கடைக்காரரே சொன்னார், பக்கத்தில் கோழிப் பண்ணையில் ஆள் தேடுகிறார்கள், இன்றைக்குக் குஞ்சு வண்டி வருகிறது என்று. போனேன். பேரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், கையைப் பார்க்கவில்லை. வேலை கொடுத்துவிட்டார்கள்.

நீளமான கொட்டகை. தரை முழுக்க நிலக்கடலைத் தொலி பரப்பி, தகரத்தால் வட்ட வட்டமாகத் தடுப்புக் கட்டி, ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவிலும் பெரிய பல்புகளைத் தாழத் தொங்கவிட்டிருந்தார்கள். முட்டையை விட்டு வந்து ஒருநாள் ஆன குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் இருந்து அள்ளி அள்ளி உள்ளே விட்டோம். கையில் இருப்பதே தெரியாத கனம். சூப்பர்வைசர் எனக்கு வேலையைச் சொன்னார்.

"பல்பை ஏத்தி எறக்கறதுதான் உன் வேலை. குளுரு வந்தா அதுங்க ஒன்னு மேல ஒன்னு ஏறி நசுங்கிச் சாவும். அப்ப எறக்கு."

"சூடு அதிகமாப் போனா என்னங்க பண்றது?"

"அதுக்குக் கவலப்படாத. தாங்கலன்னா அதுங்களே தள்ளிப் போயிடும்."

"அதுங்களுக்குத் தெரியுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னாய்யா கேள்வி இது? சுட்டா தெரியாதா?"

அவர் போன பிறகு ஒவ்வொரு வட்டமாகக் குனிந்து, பல்புக்குக் கீழே குஞ்சுகளின் உயரத்தில் புறங்கையைக் காட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது வட்டத்தில் ஒரே ஒரு குஞ்சு மட்டும் மற்றவற்றோடு ஓரத்துக்குப் போகாமல், பல்புக்கு நேர் அடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தது. கயிற்றை அவிழ்த்து அந்தப் பல்பை ஒரு முழம் மேலே ஏற்றிக் கட்டினேன்.